எத்தனையாவது மாதம் என்று ஹனானைக் கேட்டார்கள்

படுங்க. எல்லாரும் படுங்க. தலையைத் தூக்காதீங்க.

என் குரல்தான் அது. முழங்கை தாரில் உரசுகிறது. கன்னத்தில் சரளைக்கல். கைகள் பிடரியில் கோத்திருக்கின்றன. கண்கள் மூடியிருக்கின்றன. சத்தம் விரைவாக மேலே ஏறுகிறது. மெல்ல இறங்குகிறது. திரும்பவும் ஏறுகிறது. அதற்குள் இன்னொரு சத்தம். விட்டு விட்டுக் கிறீச்சிடுகிறது. அது என் கைப்பைக்குள் இருந்து வருகிறது. எனக்கு விளங்கவில்லை.

வெருகல் ஆற்றங்கரையில் கிடக்கிறேன். தம்பி எனக்கு முன்னால் தண்ணீருக்குள் நிற்கிறான். தலையில் அரிசிப் பை. படுடா என்று கத்துகிறேன். படுத்தால் அரிசி நனைந்துவிடும். அவன் நிற்கிறான்.

இல்லை. அது இலங்கையில், போர்க்காலத்தில் நடந்து முடிந்தது. இப்போது நான் கிரின்ஸ்டெட்டில் கிடக்கிறேன். டென்மார்க்கின் நடுவில் ஒரு சின்ன ஊர். சுப்பர்மார்க்கெட்டின் வாகனத் தரிப்பிடம். மே மாதத்து முதல் புதன்கிழமை. நண்பகல் பன்னிரண்டு மணி. ஒவ்வொரு வருடமும் அந்த நாளில், அந்த நேரத்தில், நாடு முழுவதும் சைரனை ஒலிக்கவிட்டுப் பார்ப்பார்கள். வேலை செய்கிறதா என்று. எனக்குத் தெரியும். வழக்கமாக வீட்டுக்குள் யன்னலைச் சாத்திக்கொண்டு, வானொலியைக் கூட்டி வைத்துக்கொண்டு இருந்துவிடுவேன். அந்த வருடம் மறந்துவிட்டேன். அந்த வருடம்தான் முதன்முதலாகக் கைப்பேசிகளையும் சேர்த்து அலற வைத்தார்கள். மூன்று வருடத்துக்கு முந்தியது.

கண்ணைத் திறந்தேன். காரின் அடியால் ஒரு முகம் தெரிந்தது. அடுத்த காரின் மறுபக்கம் ஒரு பெண் என்னைப் போலவே கிடந்தாள். முக்காடு கழுத்தில் சரிந்திருந்தது. அவளும் கத்திக்கொண்டிருந்தாள். அலல் அர்த். அலல் அர்த். தரைக்கு, தரைக்கு என்று அர்த்தம். பின்னால் அறிந்தேன். தன் மகளுக்குக் கத்தினாள். மகள் படுக்கவில்லை. பதினைந்து வயதிருக்கும். கையில் தயிர்ப் பெட்டி. சுற்றிலும் சனம் பார்க்கிறது. வெட்கத்தில் முகம் சிவந்து நின்றாள்.

ஒரு வயதான டேனிஷ்காரர் தள்ளுவண்டியை விட்டுவிட்டு வந்து குனிந்தார்.

"பயப்படாதீர்கள். இது வெறும் பரிசோதனைதான்."

நல்ல மனிதர். கையைக் கொடுத்து என்னைத் தூக்கிவிட்டார். நான் எழும்பினேன். அந்தப் பெண் எழும்பவில்லை. ஒருக்களித்துக் கிடந்தாள். இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்திருந்தாள். மெலிந்த கைகள். கன்னம் ஒட்டிய முகம். வயிறு மட்டும் பெரிது.

"பிள்ளையா?" என்று டேனிஷில் கேட்டேன். "எத்தனை மாதம்?"

மகள் முந்திக்கொண்டாள். "பிள்ளை இல்ல. காத்து. இப்பதான் டாக்டரிட்டப் போயிட்டு வாறம். மலச்சிக்கல் எண்டு குளிசை தந்தவர்."

அப்படித்தான் ஹனானைச் சந்தித்தேன். மகளின் பெயர் மரியம். எங்களுக்குள் பேச இருந்த ஒரே மொழி டேனிஷ். ஹனானுடையதும் என்னுடையதும் உடைந்த டேனிஷ். மரியமுடையது நல்ல டேனிஷ். அதை எல்லாம் இங்கே என் ஊர்ப் பேச்சில் எழுதுகிறேன். எனக்கு அப்படித்தான் ஞாபகம் இருக்கிறது.

அன்று அவர்களை என் காரில் ஏற்றிக்கொண்டு போனேன். ஹனானின் கணவர் யூசுப் வேலையில் இருந்தார். கார் அவரிடம். பஸ் இப்போதைக்கு இல்லை. இந்தப் பக்கத்தில் கார் இல்லாதவர்கள் காத்திருப்பதுதான் வழக்கம்.

ஓட்டும்போது கண்ணாடியில் அவள் வயிற்றைப் பார்த்தேன். காரின் வேகத்தைக் குறைத்தேன். சைரனால் அல்ல.

எனக்கு அந்த வருத்தம் வந்தது அதற்கு மூன்று வருடத்துக்கு முன். சூலகப் புற்றுநோய். பெண்ணுக்குள் முட்டை உருவாகும் இடத்தில் வருவது. சத்தமில்லாமல் வருவது. எனக்கு அது அகப்பட்டது தற்செயலாக. சிறுநீரகக் கல் என்று ஸ்கேன் எடுத்தார்கள். கல்லுக்குப் பக்கத்தில் அது இருந்தது. சின்னதாக. ஒரு பக்கத்தில் மட்டும். வெட்டி எடுத்தார்கள். மற்றச் சூலகத்தையும் கருப்பையையும் சேர்த்து எடுத்தார்கள். மருந்து ஏற்றினார்கள். பிழைத்தேன். அதில் என் கெட்டித்தனம் ஒன்றும் இல்லை. கல் காப்பாற்றியது.

ஆனால் சிகிச்சைக் காலத்தில் ஆஸ்பத்திரி விடுதியில் வேறு பெண்களைக் கண்டிருந்தேன். மெலிந்த கைகளும் பெரிய வயிறுமாக வந்தவர்களை.

"ரெண்டு வாய் சாப்பிட்டதும் வயிறு நிறைஞ்ச மாதிரி இருக்கா எண்டு அம்மாட்டக் கேளுங்க," என்றேன்.

மரியம் கேட்டாள். ஓம்.

"அடிக்கடி சலம் போகுதா? மூத்திரம்?"

ஓம்.

"நாரி நோவா, இடுப்புக்குப் பின்னால? மாதவிடாய் ஒழுங்கா வருதா? இடையில ரத்தம் படுதா?"

மரியம் கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். 

"அதை நான் கேக்க மாட்டன்," என்றாள். "அந்தச் சொல்லுகள் எனக்கு அரபில தெரியாது. தெரிஞ்சாலும் கேக்க மாட்டன்."

அப்போது விளங்கியது. அன்று காலை டாக்டரிடமும் அவள் அதைச் சொல்லியிருக்க மாட்டாள். டாக்டரும் தாயும் பேசிக்கொள்ள இவள்தான் பாலம். மொழிபெயர்ப்பாளரை இங்கே டோல்க் என்பார்கள். இந்த நாட்டில் சில வருடம் இருந்துவிட்டால் டோல்க்குக்கு நாமே கட்டணம் கட்ட வேண்டும். ஆகவே சனம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறது. பிள்ளைகள் வயிறு பெரிது என்று சொல்கிறார்கள். மற்றதை விட்டுவிடுகிறார்கள்.

"திரும்பப் போவம்," என்றேன் ஹனானிடம். "நானும் வாறன்."

அதே வாரம் போனோம். மரியம் வெளியே கதிரையில் இருந்தாள். நாங்கள் இருவரும் உள்ளே. சொல் வராத இடத்தில் கையால் காட்டினோம். ஹனான் தன் வயிற்றைக் காட்டினாள். நான் என் தழும்பைக் காட்டினேன். டாக்டர் நடுத்தர வயதுக்காரர். பொறுமையாகக் கேட்டார். ஹனானைப் படுக்கவைத்து வயிற்றை அழுத்தினார். ஒரு பக்கம் தட்டினார். மறுபக்கம் தட்டினார். மந்தமான சத்தம். தண்ணீர் நிறைந்த பானையைத் தட்டுவது போல. அவர் எழும்பித் தொலைபேசியை எடுத்தார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. முதல் தடவை அவருக்குச் சொல்லப்பட்டது அவ்வளவுதான்.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. இரத்தம். ஸ்கேன். பெரிய ஆஸ்பத்திரி. வயிற்றில் குழாய் போட்டுத் தண்ணீர் எடுத்தார்கள். மஞ்சள் நிறம். வாளியில் விழும் சத்தம் நீண்ட நேரம் கேட்டது. டேனிஷ்காரர் அந்த நோயின் பெயரை மூடி மறைப்பதில்லை. கிரெஃப்ட் என்று முகத்துக்கு நேரே சொல்வார்கள். மரியம் அதை அரபில் தாய்க்குச் சொன்னாள். என்ன சொன்னாய் என்று பின்னர் கேட்டேன். "அந்த வருத்தம் எண்டு சொன்னன்," என்றாள். "எங்கட ஆக்கள் அப்படித்தான் சொல்லுவினம்." எங்கள் ஆக்களும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

இரண்டு சூலகத்திலும் இருந்தது. வயிற்றுக்குள் பரவியிருந்தது.

ஹனான் யார் என்று சொல்ல வேண்டும்.

ஹோம்ஸ் நகரத்துக்காரி. சிரியா. சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பித்தவள். இங்கே ஒரு சலவைத் தொழிற்சாலையில் ஆஸ்பத்திரி விரிப்புகள் மடித்தாள். சிரிக்கும்போது கையால் வாயைப் பொத்துவாள். முன்பல் ஒன்று பாதி. கட்டடம் இடிந்த அன்று உடைந்தது. அதே அன்று அவளுடைய மகன் ஆதம் போனான். இரண்டு வயது. அவள் ஒரு கையில் மரியத்தைப் பிடித்திருந்தாள். மறு கையில் ஆதம். ஒரு கையில் இருந்தது மிஞ்சியது.

முற்றுகைக்குள் அவளுடைய தாய் இறந்தாள். அப்போது அங்கே சாப்பாடு இல்லை. புல்லை அவித்துக் குடித்தார்கள். தாய்க்கு வயிறு ஊதியது. புல்லால்தான் என்று எல்லாரும் நினைத்தார்கள். ஷெல் விழும் நாட்களில் வயிறு ஊதிச் செத்த ஒருத்தியைப் பற்றி யார் யோசிப்பார்கள். இரவோடிரவாகப் புதைத்தார்கள். அவளுக்கு முந்தி தாயின் அக்காவும் அப்படியே. அலெப்போவில். அது போருக்கு முன்.

இவை எல்லாம் எனக்கு ஒரே நாளில் கிடைக்கவில்லை. மருந்து ஏறும் கதிரையில் இருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். ஒரு நாள் இன்னொன்றும் சொன்னாள்.

"வயிறு பெருக்கத் தொடங்கினப்போ நான் பயப்படல்ல," என்றாள். "சந்தோசப்பட்டன்."

ஏன் என்று கேட்டேன்.

"மாதவிடாய் நிண்டுட்டுது. வயிறு வருது. எனக்கு நாப்பத்திநாலு வயசு. ஆனா நடக்கும்தானே. சிலருக்கு நடந்திருக்கு. ஆதம் திரும்பி வாறான் எண்டு நினைச்சன்."

பெண்கள் கூடும் வீடுகளில் அவளை எத்தனையாவது மாதம் என்று கேட்டார்கள். அவள் இல்லை என்று சொல்லவில்லை. சிரித்தாள். வாழ்த்தினார்கள். பேரீச்சம்பழம் கொடுத்துவிட்டார்கள். மருந்துக்கடையில் கர்ப்பம் பார்க்கும் குச்சி விற்கிறது. அதன் முன்னால் இரண்டு தடவை நின்றிருக்கிறாள். வாங்கவில்லை. வாங்கினால் இல்லை என்று காட்டிவிடும்.

"தெரியாம இருந்த மாதங்கள் நல்ல மாதங்கள்," என்றாள்.

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மருந்து சொட்டும் யந்திரம் முடிந்ததென்று கூவியது. தாதி வந்து அடுத்த பையை மாட்டினாள்.

அவளுக்கு வெட்டி எடுத்தது என்னைவிட அதிகம். சூலகம், கருப்பை, குடலை மூடியிருக்கும் கொழுப்புத் திரை, குடலில் ஒரு துண்டு. யூசுப் வெளியாட்களுக்குப் பித்தப்பை என்று சொன்னார். அவர் கெட்டவர் அல்ல. அந்த இடத்தின் பெயரை அவரால் வாயால் சொல்ல முடியவில்லை. பிராண்டேயில் என் கணவர் தேவனும் அவரும் ஒரே தொழிற்சாலையில் வேலை. காற்றாலைக்கு இறக்கை செய்யும் இடம். ஒரு நாள் தேவன் வந்து சொன்னார்.

"யூசுப் வாகனத் தரிப்பிடத்தில நிண்டு அழுதுகொண்டிருந்தவர். நான் கண்டிட்டன். கண்டதைக் காட்டிக்கொள்ளல்ல."

"போய்க் கதைச்சிருக்கலாமே."

"என்னத்தைக் கதைக்க? நீ படுத்திருந்தப்போ நானும் அந்த இடத்திலதான் அழுதனான். ஒருத்தரும் வராததுதான் எனக்கு நிம்மதி."

அது எனக்குத் தெரியாது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அன்றுதான் அறிந்தேன்.

மூன்று வாரத்துக்கு ஒரு தடவை மருந்து. யூசுப்புக்கு எல்லா நாளும் லீவு கிடையாது. நான் முதியோர் இல்லத்தில் அரை நாள் வேலை. ஆகவே நான் ஓட்டினேன். கிரின்ஸ்டெட்டில் இருந்து கிழக்கே. பில்லுண்ட் விமான நிலையத்தைக் கடந்து போக வேண்டும். அங்கே விமானங்கள் ரோட்டுக்கு மேலால் தாழ்ந்து இறங்கும். முதலில் சக்கரம் தெரியும். பிறகுதான் சத்தம். ஒவ்வொரு தடவையும் நாங்கள் இருவரும் தோளைக் குறுக்குவோம். பிறகு ஒருவரை ஒருவர் பார்ப்போம். ஹனான் வாயைப் பொத்திச் சிரிப்பாள்.

தலைமயிர் போனது. முக்காட்டுக்குள் யாருக்கும் தெரியாது என்றாள். விரல் நுனி மரத்துப் போனது. விரிப்பு மடிக்க முடியவில்லை. வேலை போனது. கோடை முடிந்தது. மருந்தும் முடிந்தது. இரத்தம் நன்றாக இருக்கிறது என்றார்கள். அந்த மாரிக் குளிரில் என் வீட்டுக்கு வந்து இடியப்பம் அவிக்கப் பழகினாள். இடியப்ப உரலைப் பிழிய விரலில் பலம் இல்லை. மரியம் பிழிந்தாள். ஹனான் பார்த்துக்கொண்டு பிழை சொன்னாள். அது நல்ல மாரி.

அடுத்த வசந்தத்தில் வயிறு திரும்பவும் ஊதியது.

இப்போது அந்த அறையைச் சொல்கிறேன். யன்னலுக்கு வெளியே பாரந்தூக்கி ஒன்று திரும்புகிறது. டாக்டர் இளம் பெண். மேசையில் ஒரு திரை. திரைக்குள் டோல்க். ஆண். காதில் கருவி மாட்டியிருக்கிறார். வேறு நாட்டு அரபு. ஹனான் அவரைக் கண்டதும் முக்காட்டை இழுத்து விட்டாள். அவரை நிற்பாட்டுங்கள் என்றாள். ஓர் ஆணுக்கு முன்னால் தன் கருப்பையைப் பற்றிக் கதைக்க மாட்டாள். டாக்டர், பெண் டோல்க் ஒருவர் கிடைக்கும் நாளுக்கு மாற்றலாம் என்றார். ஹனான் காத்திருக்க மாட்டேன் என்றாள். என் மகள் இருக்கிறாள் என்றாள். டாக்டருக்கு விருப்பமில்லை. திரும்பத் திரும்பக் கேட்டார். கடைசியில் திரையை அணைத்தார். மரியத்துக்கு அப்போது பதினாறு.

டாக்டர் கதிரையை இழுத்து ஹனானுக்குக் கிட்ட வந்தார். மெதுவாகச் சொன்னார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். திரும்ப வந்துவிட்டது. ஈரலின் மேலும் குடலின் மேலும் இருக்கிறது. முந்திய மருந்து இனிக் கேட்காது. வேறொன்று முயற்சிக்கலாம். அது மாற்றாது. கொஞ்சம் நாளைத் தரலாம். தராமலும் விடலாம். நோவு வராமல் பார்த்துக்கொள்வோம். வீட்டில் இருக்க விரும்பினால் அதற்கு ஒழுங்கு செய்வோம்.

நிறுத்தினார். மரியத்தைப் பார்த்தார்.

மரியம் தாயைப் பார்க்கவில்லை. பாரந்தூக்கியைப் பார்த்தாள். அரபில் ஏதோ சொன்னாள். மிகவும் சின்னதாக.

ஹனான் தலையாட்டினாள். மகளின் கையைத் தட்டிக்கொடுத்தாள். டாக்டரிடம் டேனிஷில் நன்றி சொன்னாள்.

கோப்பி யந்திரத்துக்குப் பக்கத்தில் மரியம் என்னைப் பிடித்துக்கொண்டாள். அவள் என்னை ஹால்தோ என்று கூப்பிடுவாள். தாயின் சகோதரி. எங்களில் சித்தி.

"ஹால்தோ. நான் சொல்லல்ல. கொஞ்சம் ஓய்வு, பிறகு வேற மருந்து எண்டுதான் சொன்னன். நீங்களும் சொல்லாதீங்க."

"அம்மா கேட்டா?"

"கேக்க மாட்டா. அவவுக்கு நான் சொல்லுறதுதான் உலகம்."

 அவளுடைய கோப்பிக் குவளை நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

சில நாள் கழித்து ஹனான் வீட்டுக்குப் போனேன். மரியம் பாடசாலையில். ஹனான் சோபாவில் சாய்ந்திருந்தாள். முன்னுரை இல்லாமல் தொடங்கினாள்.

"டாக்டர் அவ்வளவு நேரம் கதைச்சவ. ஓய்வு எடு எண்டு சொல்ல அவ்வளவு நேரம் வேணுமா?"

நான் தேநீரைக் கலக்கினேன்.

"ஜெயா. ஹோம்ஸில நிலக்கீழ் அறையில ஒரு டாக்டர் இருந்தவர். காயக்காரரைப் பாப்பார். காப்பாத்தலாம் எண்டா காயத்தைப் பாப்பார். ஏலாது எண்டா முகத்தைப் பாப்பார். இந்த டாக்டர்ப் பிள்ளை என்ர முகத்தைப் பாத்தது."

"மரியத்திட்டச் சொன்னியா?"

"இல்ல. சொல்ல மாட்டன். நீயும் சொல்லாத. நான் நம்புறன் எண்டு அவள் நினைச்சாத்தான் அவளுக்கு நித்திரை வரும்."

தாய்க்குத் தெரியும். மகளுக்குத் தெரியும். ஒருத்திக்குத் தெரியும் என்பது மற்றவளுக்குத் தெரியாது. நான் நடுவில். என் காரில் இருவரும் ஏறுவார்கள். பரீட்சையைப் பற்றிக் கதைப்பார்கள். கோடைக்கு எங்கே போவது என்று கதைப்பார்கள். நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு ஓட்டுவேன்.

அது உடைந்தது யூன் மாதத்தில்.

அன்று தாதி ஒருவர் ஹனானைத் தனியே அழைத்தார். நானும் கூட இருந்தேன். மரியம் கீழே சிற்றுண்டிச்சாலையில் படித்துக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை டோல்க் தொலைபேசியில். ஒரு பெண். லெபனான் பக்கத்துக் குரல். வயதானவளாக இருக்க வேண்டும். ஹனான் அந்தக் குரலைக் கேட்டதும் இளகிவிட்டாள். அவர்கள் முதலில் ஊர் விசாரித்தார்கள். தாதி பொறுத்திருந்தார். பிறகு தாதி விஷயத்தைச் சொன்னார். ஹனானின் இரத்தத்தைச் சோதித்திருந்தார்கள். இந்த நோய் அவளுக்குப் பரம்பரையால் வந்தது. குடும்பத்தில் ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் போகக்கூடிய ஒரு மாற்றம். தாய்க்கும் இருந்திருக்கும். பெரியம்மாவுக்கும். மகளுக்கு இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். பதினெட்டு வயதானதும் சோதிக்கலாம். இருந்தால் முன்கூட்டியே கவனிக்கலாம். நேரத்தோடு எடுத்துவிடலாம். பிழைக்கலாம்.

தொலைபேசியில் அந்தக் குரல் அரபில் சொல்லி முடித்தது. ஹனான் ஒரு கேள்வி கேட்டாள். குரல் பதில் சொன்னது. தாதிக்கும் எனக்கும் டேனிஷில் திருப்பிச் சொன்னது. அவள் கேட்டது இதுதான்.

"அப்ப என்ர அம்மா புல்லால சாகல்லையா?"

திரும்பி வரும்போது மழை. ஹனான் முன்னால். மரியம் பின்னால், காதில் பாட்டு. விமான நிலையத்தைக் கடந்ததும் ஹனான் என் கையைத் தொட்டாள்.

"நிப்பாட்டு."

வாந்தி வருகிறதாக்கும் என்று நினைத்தேன். ரோட்டோரத் தரிப்பிடத்தில் ஒதுக்கினேன். அவள் கதவைத் திறக்கவில்லை. திரும்பிப் பின்னால் பார்த்து இருந்தாள். அரபில் கதைக்கத் தொடங்கினாள். மெதுவாக. கணக்குப் படிப்பிக்கிறவள் போல ஒவ்வொன்றாக.

எனக்கு அரபு தெரியாது. ஆனால் மொழிபெயர்க்கும் நேரம் தவிர, மரியம் தாய்க்கு எப்போதும் டேனிஷில்தான் பதில் சொல்வாள். ஆகவே பாதி எனக்குக் கேட்டது.

"எப்ப இருந்து தெரியும்?" என்றாள் மரியம்.

அரபு.

"அண்டைக்கே தெரியுமா? நான் சொன்னப்பவே தெரியுமா?"

அரபு.

"அப்ப ஏன் தலையாட்டினீங்க?"

 மழை கூரையில் விழுந்தது. லொறி ஒன்று கடந்தது. கார் ஆடியது. பிறகு ஹனான் நீளமாகச் சொன்னாள். தன் வயிற்றைக் காட்டினாள். வானத்துப் பக்கம் கையைக் காட்டினாள். மரியத்தைக் காட்டினாள்.

"வேணாம்," என்றாள் மரியம். "எனக்குத் தெரிய வேணாம். சோதிக்க மாட்டன்."

அப்போதுதான் ஹனான் குரலை உயர்த்தினாள். நான் அவளை அறிந்த காலத்தில், அந்த வாகனத் தரிப்பிடத்துக்குப் பிறகு, அவள் கத்தியது அன்று மட்டும்தான். ஒரே ஒரு வசனம். மரியம் பின்னர் எனக்குச் சொன்னாள். பதினெட்டு வயதில் நீயே நடந்து போய்க் கையை நீட்ட வேண்டும், இல்லாவிட்டால் நான் மன்னிக்க மாட்டேன்.

நான் இறங்கினேன். கதவைச் சாத்தினேன். மழைக்குள் நின்றேன். கண்ணாடியில் நீராவி படிந்து அவர்கள் மறைந்தார்கள். சத்தம் மட்டும் வந்தது. மாமா, மாமா என்று ஒரு குரல். அரபில் அம்மா. அந்த ஊர்த் தாய்மார் மகளையும் மாமா என்றுதான் கூப்பிடுவார்கள். எங்களில் மகளை அம்மா என்பது போல. ஆகவே கூப்பிட்டது எவள் என்று எனக்குத் தெரியவில்லை. இருவருமாக இருக்கலாம்.

அதற்குப் பிறகு அவர்கள் நடிக்கவில்லை. அந்தக் கோடையில் அந்த வீட்டில் சண்டை நடந்தது. அழுகை நடந்தது. ஒரு நாள் நான் போனபோது இருவரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மரியம் தாய்க்குக் கை நகத்தில் பூச்சுப் பூசிக்கொண்டிருந்தாள். கடும் சிவப்பு. யூசுப் அடுப்படியில் பருப்பு அவித்துக்கொண்டிருந்தார். அவரும் உப்புப் போதுமா என்று கேட்க வந்து நின்று பார்த்தார்.

செப்டெம்பரில் குடல் அடைத்தது. அவள் வீட்டில் இருக்க விரும்பினாள். நகரசபைத் தாதிமார் வந்து போனார்கள். கடைசி நாட்களில் டேனிஷ் அவளை விட்டுப் போனது. என்னிடமும் அரபில் கதைத்தாள். நான் தமிழில் பதில் சொன்னேன். ஒருவருக்கும் இடைஞ்சலாக இருக்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை காலை, மரியம் தண்ணீர் தோய்த்த பஞ்சால் உதட்டைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது, மூச்சு நின்றது. வெளியே குப்பை லொறி பின்னுக்கு வரும் பீப் சத்தம். அது நின்ற பிறகு வீடு அமைதியானது.

அவர்கள் முறைப்படி பெண்கள் உடலைக் கழுவினார்கள். நான் அறைக்கு வெளியே கதிரையில் இருந்தேன். தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. நிற்கும். திரும்பக் கேட்கும். மரியம் உள்ளே இருந்தாள். கழுவியவர்கள் நகப்பூச்சை எடுக்க வேண்டும் என்றார்களாம். அவளே எடுத்தாள்.

துக்க வீட்டில் பெண்கள் பித்தப்பை என்று கதைத்துக்கொண்டிருந்தார்கள். பித்தப்பைக்குப் போய் இப்படி ஆகிவிட்டதே என்றார்கள். மரியம் கோப்பித் தட்டைக் கீழே வைத்தாள். எழும்பி நின்று அரபில் சொன்னாள். பித்தப்பை இல்லை. சூலகப் புற்றுநோய். என் அம்மாவுக்கும் அம்மம்மாவுக்கும் அதுதான். அரபில் அந்தச் சொல்லை அவள் தேடிப் படித்து வைத்திருந்தாள்.  யூசுப்பின் அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து அடுப்படியில் ஓர் ஈராக்கியப் பெண் என் பக்கத்தில் வந்து நின்றாள். குவளையைத் துடைத்துக்கொண்டே, குரலைத் தாழ்த்தி, டேனிஷில் கேட்டாள். "முதல்ல எப்படி இருந்தது?"

சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன். இரண்டு வாயில் வயிறு நிறையும். பாவாடை நாடா இறுகும். அடிக்கடி சலம் போகும். நாரி நோகும். நோவு பெரிதாக இராது. வெட்கம்தான் பெரிதாக இருக்கும். வெட்கத்தை விட்டுவிட்டுப் போங்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள்.

இனி, இழந்தவற்றைச் சொல்ல வேண்டும்.

என் போரில் தம்பி. வெருகல் ஆற்றில். அப்பா, வாழைச்சேனைக்கு வந்து சேர்ந்த பிறகு, நெஞ்சு வலியில். மூதூர் கிழக்கில் ஒரு வீடு, இரண்டு பசு. என் நோயில் சூலகம் இரண்டு, கருப்பை. பிறக்காத ஒரு பெண் பிள்ளை. எனக்கு மகன் ஒருவன் இருக்கிறான். ஒரு பெண் பிள்ளையும் வேண்டும் என்று இருந்தது.

ஹனானின் போரில் ஆதம். அவளுடைய தம்பி, சோதனைச் சாவடியில் பிடித்துக்கொண்டு போனவன், இன்றுவரை தகவல் இல்லை. ஒரு வகுப்பறை. பாதிப் பல்.

அவளுடைய தாயை எங்கே சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. போரில் செத்தவர்களோடு அவளை எண்ணியிருந்தார்கள். அவள் இந்த நோயில் செத்தவள். போர் இல்லாவிட்டால் யாராவது அவள் வயிற்றைத் தொட்டுப் பார்த்திருப்பார்கள். இரண்டு பக்கமும் எழுதுகிறேன். அவளுடைய அக்காவை இந்த நோயின் பக்கம்.

பிறகு ஹனான். நாற்பத்தைந்து வயது.

மரியத்துக்கு இந்த வருடம் பதினெட்டு. யூசுப் கூட வருகிறேன் என்றார். வேண்டாம் என்றாள். நானும் வாகனத் தரிப்பிடத்தில்தான் நின்றேன். அவளே நடந்து போய்க் கையை நீட்டினாள். பதில் வந்தது. அந்த மாற்றம் அவளுக்கும் இருக்கிறது.

அன்று காரில் ஏறியதும் அவள் அழுதாள். நான் ஓட்டினேன். பில்லுண்டைத் தாண்டியதும் பசிக்கிறது என்றாள். நிறுத்திச் சாப்பிட்டோம். அவள் முழுவதையும் சாப்பிட்டாள். என்னுடையதிலும் பாதியைச் சாப்பிட்டாள். வருடத்துக்கு இரண்டு தடவை பார்ப்போம், வேண்டிய வயதில் எடுத்துவிடுவோம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதற்கு முன் ஒரு பிள்ளை பெறலாமா என்று அவள் கேட்டாளாம். பெறலாம் என்றாராம்.

மரியத்தை நான் இந்தக் கணக்கில் எழுதவில்லை.